பிரிக்காத பெட்டிக்கு எக்ஸ்ரே எடுக்க முடியுமா டாக்டர்?

இது கொஞ்சம் நீளமான த்ரெட். அவசரம்னா புக்மார்க் பண்ணிட்டு ராத்திரி படிங்க. மருந்து மாத்திரை பத்தி இல்ல. ஒரு அட்டைப்பெட்டியைப் பத்தி.

ஏற்காடு ஒண்டிக்கடை தெரியும்ல? பேர்தான் ஒண்டிக்கடை, இப்போ அந்த ரவுண்டானாவைச் சுத்தி எத்தனை கடைன்னு எண்ணி முடியாது. ஒரு நவம்பர் சாயந்திரம், மஞ்சு இறங்கி எதிர்ல வர்ற ஜீப்பே தெரியாத நேரம், எனக்குத் தெரிஞ்ச பி.டி. சார் ஒருத்தர் மழைக்கோட்டுக்குள்ள எதையோ குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு கிளினிக்குக்கு வந்தார். மலையில இருக்கிற போர்டிங் ஸ்கூல் ஒன்னுல பசங்களுக்கு முப்பது வருஷம் பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டயர் ஆகி நாலு மாசம்.

பேஷன்ட் எல்லாம் போனதும் மெதுவா கேட்டார். "டாக்டர், உங்க எக்ஸ்ரே மெஷின்ல இந்தப் பெட்டியை ஒரு தடவை எடுத்துப் பாக்க முடியுமா? பிரிக்கக் கூடாது. உள்ள என்ன இருக்குன்னு மட்டும் தெரியணும்."

கோட்டுக்குள்ள இருந்து எடுத்தார். பளபளன்னு பிளாஸ்டிக் சுத்தின ஒரு சின்ன அட்டைப்பெட்டி. 1986-ம் வருஷத்து ஃப்ளீர் கம்பெனி பாஸ்கெட்பால் கார்டு பெட்டி. பிரிக்காததாம். விலை 4 லட்சம். முன்பணமா 50,000 ஏற்கனவே கொடுத்தாச்சு. ஏழு நாள் வச்சுப் பார்க்கலாம், ஆனா பிளாஸ்டிக்ல கை வைக்கக் கூடாது. இதான் ஒப்பந்தம். மீதிப் பணம் அவரோட பி.எஃப்.ல இருந்து போகணும்.

எனக்கு அன்னிக்கு இதைப் பத்தி ஒன்னுமே தெரியாது. அடுத்த ஒரு வாரம் தூங்காமப் படிச்சேன். படிச்சதுல பாதி என் தொழிலோட கதையா இருந்தது. அதான் எழுதறேன்.

முதல்ல அந்தக் கார்டு எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்கலாம்.

19-ம் நூற்றாண்டு கடைசியில சிகரெட் காகிதப் பாக்கெட்ல வந்தது. நசுங்கிடும். நசுங்காம இருக்க உள்ள ஒரு கெட்டி அட்டையை வச்சாங்க. வெறும் அட்டையா வைப்பானேன்னு அதுல படம் அச்சடிச்சாங்க. நடிகைகள், ராணுவ வீரர்கள், பறவைகள், அப்புறம் விளையாட்டு வீரர்கள். இங்கிலாந்துல வில்ஸ் கம்பெனி 1896-லயே கிரிக்கெட் வீரர்கள் வரிசை போட்டது. நம்ம ரஞ்சித்சிங்ஜி முகமும் அந்தக் கால பிரிட்டிஷ் சிகரெட் அட்டைகள்ல வந்திருக்கு. அதே வில்ஸோட 'சிசர்ஸ்' பிராண்டு இந்தியாவுல ஓடினது. அந்தப் பாக்கெட்லயும் அட்டை இருந்தது. சேகரிக்கிறவங்க இன்னிக்கும் அதை 'சிசர்ஸ் வெளியீடு'ன்னு தனியாப் பிரிச்சுத்தான் வைக்கிறாங்க. ஆக, அப்பாவோட சிகரெட்டுக்கு மகன் காத்திருந்த காலம் அது. நுரையீரல் பாக்கிற டாக்டரா இதுக்கு மேல நான் வாயைத் திறக்கல.

1928-ல பிலடெல்பியாவுல ஃப்ளீர் கம்பெனியில கணக்கெழுதிக்கிட்டிருந்த வால்டர் டீமர்ங்கறவர், வேலை நேரம் போக விளையாட்டா கலக்கிப் பார்த்ததுல பபிள் கம் பிறந்தது. சிகரெட் இருந்த இடத்துக்கு பபிள் கம் வந்தது. 1952-ல டாப்ஸ் கம்பெனி பெரிய பேஸ்பால் கார்டு வரிசை போட்டது. அதுல கொஞ்சம் விக்காமத் தங்கிடுச்சு. இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கேன்னு 1960-ல ஒரு படகுல ஏத்திக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடல்ல கொட்டினாங்க. கொட்ட வச்சவர் அந்தக் கார்டை உருவாக்கின சை பெர்கரேதான். 2022 ஆகஸ்ட்ல அதே வரிசையில இருந்து மிக்கி மேன்டில் கார்டு ஒன்னே ஒன்னு 1.26 கோடி டாலருக்கு ஏலம் போச்சு. ரூபாய்க்கு நீங்களே மாத்திக்கோங்க, எனக்குத் தலை சுத்துது.

இப்ப 1986-க்கு வருவோம். மைக்கேல் ஜோர்டான் 1984-ல சிகாகோ புல்ஸ்ல சேர்ந்துட்டார். ஆனா பாஸ்கெட்பால் கார்டுக்கு அமெரிக்காவுலயே அப்ப மவுசு இல்ல. டாப்ஸ் 1982-லயே அதை நிறுத்திடுச்சு. ஃப்ளீர் துணிஞ்சு 132 கார்டு கொண்ட ஒரு வரிசை போட்டது. ஒரு பெட்டியில 36 பாக்கெட். ஒரு பாக்கெட்ல 12 கார்டு, ஒரு ஸ்டிக்கர், ஒரு துண்டு பபிள் கம். வீரர்கள் பேர் அகர வரிசையில போனதால ஜோர்டானுக்கு 57-ம் நம்பர். கடைகள்ல தேங்கி, விலை குறைச்சுத் தள்ளின சரக்கு அது. இன்னிக்கு அதுல பிரிக்காத ஒரு பாக்கெட்டே ஆயிரக்கணக்கான டாலர்.

பி.டி. சாருக்கு இது வியாபாரம் இல்ல. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல ட்ரீம் டீம் ஆடினதைப் பார்த்து, மறுநாள் காலையில பசங்களை மஞ்சுக்குள்ள நிக்க வச்சு அந்த மூவ் எல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷன். "ஒரு பாக்கெட் பிரிப்பேன் டாக்டர். மீதி அப்படியே இருக்கட்டும்"னார்.

36 பாக்கெட், பன்னிரண்டு பன்னிரண்டா 432 கார்டு. 132 வகை. சராசரியா ஒரு பெட்டியில மூணு ஜோர்டான் இருக்கணும். சரி, உள்ள நிஜமா அந்தப் பாக்கெட்தான் இருக்கா? பாக்கெட்டுக்குள்ள நிஜமா அந்தக் கார்டுகள்தான் இருக்கா? பிரிச்சுப் பார்த்தா தெரியும். பிரிச்சா மதிப்பு போயிடும். வயித்துக்குள்ள என்னன்னு தெரியணும், கத்தி வைக்கக் கூடாது. எங்க தொழிலோட பழைய தலைவலியேதான்.

1722-ல ஆஸ்திரியாவுல கிராட்ஸ் ஊர்ல ஒரு சத்திரக்காரருக்கு மகனாப் பிறந்தவர் லியோபோல்ட் அவென்ப்ருகர். அப்பா மது பீப்பாயை விரலால தட்டி எது வரைக்கும் நிரம்பியிருக்குன்னு சொல்வாராம். மகன் டாக்டர் ஆகி வியன்னாவுல வேலை பார்த்தப்போ அதே மாதிரி நோயாளி மார்பைத் தட்டினார். காத்து இருக்கிற இடம் ஒரு சத்தம், நீர் கோத்த இடம் வேற சத்தம். ஏழு வருஷம் பார்த்து 1761-ல ஒரு சின்ன லத்தீன் புத்தகம் போட்டார். யாரும் கண்டுக்கல. நெப்போலியனோட வைத்தியர் கார்விசார் 1808-ல அதைப் பிரெஞ்சுல கொண்டுவந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவென்ப்ருகர் அடுத்த வருஷமே இறந்துட்டார். நம்ம ஊர் சந்தையில பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கற பாட்டிக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கல. எஸ்டேட்ல காப்பிக்கொட்டையைப் பல்லுல கடிச்சுக் காய்ச்சல் பதம் சொல்ற மேஸ்திரிக்கும் அப்படித்தான்.

1895-ல ரான்ட்ஜன் எக்ஸ்ரே கண்டுபிடிச்சப்போ மனைவியோட கையைப் படம் எடுத்தது எல்லாருக்கும் தெரியும். அதே முதல் கட்டுரையில இன்னொரு படம் பத்தியும் சொல்றார். மூடின ஒரு மரப்பெட்டி, உள்ள எடைக்கற்கள். பெட்டியைத் திறக்காமலே கற்கள் தெரிஞ்சது. அப்போ பி.டி. சார் கேட்டது ஒன்னும் பைத்தியக்காரக் கேள்வி இல்லைன்னு ஆகுது. எக்ஸ்ரேவோட பிறந்த வாரத்துக் கேள்வி அது.

இன்னும் கேளுங்க. சி.டி. ஸ்கேன் கண்டுபிடிச்ச காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1967 வாக்குல அந்த யோசனை வந்ததே இப்படித்தான்னு சொல்வாங்க: ஒரு பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு, எல்லாக் கோணத்துல இருந்தும் கதிர் அனுப்பி அளந்து கணக்குப் போட்டா தெரியுமா? 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டன்ல முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன். 1979-ல நோபல்.

அப்புறம் ஏன் நான் மாட்டேன்னு சொன்னேன்?

ஒன்னு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துகிட்ட லைசென்ஸ் வாங்கி ஓட்டற மெஷின் அது. நோயாளிக்காக வாங்கினது. ரெண்டாவது, எடுத்தாலும் ஒன்னும் தெரியாது. ரான்ட்ஜனுக்குத் தெரிஞ்சது உலோகக் கற்கள், அதுவும் மரப்பெட்டிக்குள்ள. இங்க பெட்டியும் காகிதம், உள்ளயும் காகிதம். 432 அட்டையும் ஒன்னு மேல ஒன்னு விழுந்த ஒரு சாம்பல் கட்டம்தான் வரும். பெரிய ஆஸ்பத்திரி சி.டி. கூட சுமார் அரை மில்லிமீட்டர் துண்டாத்தான் பார்க்கும். ஒரு கார்டோட தடிமனே அதைவிடக் கம்மி.

ஆனா தொழிற்சாலைகள்ல உதிரி பாகம் சோதிக்கிற மைக்ரோ சி.டி. வேற ஜாதி. இஸ்ரேல்ல எங்கெதி ஊர்ல கருகிக் கிடந்த ஒரு தோல் சுருளை, தொட்டா உதிர்ந்துடும்ங்கற நிலைமையில, பிரிக்காமலே ஸ்கேன் பண்ணி உள்ள எழுதியிருந்த வேத வரிகளைப் படிச்சாங்க. பிரென்ட் சீல்ஸ் குழு, 2016-ல வெளியிட்டாங்க. அந்த மையில உலோகம் இருந்தது உதவிச்சு. அதே தொழில்நுட்பம் 2024-ல எங்க வந்து நின்னுச்சு தெரியுமா? அமெரிக்காவுல ஒரு தொழிற்சாலை ஸ்கேன் கம்பெனி, பிரிக்காத போக்கிமான் பாக்கெட்டை ஸ்கேன் பண்ணி உள்ள எந்தக் கார்டுன்னு சொல்றோம்னு கட்டணம் போட ஆரம்பிச்சது. சேகரிப்பாளர் உலகமே ஆடிப்போச்சு. ஏன்னா ஸ்கேன் பண்ணி நல்ல பாக்கெட்டைத் தன்கிட்ட வச்சுக்கிட்டு, சப்பைப் பாக்கெட்டை 'பிரிக்கவே இல்லைங்க'ன்னு விக்கலாம். பொய்யும் இல்ல. நிஜமாவே பிரிக்கல.

இதுக்கு முன்னாடியும் ஏமாத்து இருந்தது. தராசுல நிறுத்து கனமான பாக்கெட்டைப் பொறுக்கறது ஒரு வழி. இன்னொன்னு, பழைய பாக்கெட்களுக்கே உரியது, கொஞ்சம் விளக்கணும்.

அந்தக் காலப் பாக்கெட் மெழுகு பூசின காகிதம். பொட்டலம் மாதிரி மடிச்சு, பின்னாடி சூடான தகட்டுல ஒரு அழுத்து. மெழுகு உருகி ஒட்டிக்கும். வேற பசை கிடையாது. அப்ப யோசிங்க: சூட்டுல ஒட்டினது, பக்குவமாக் கையாண்டா பிரியும். பிரிச்சு, ஜோர்டானை எடுத்துட்டு, அதே வருஷத்துச் சாதா கார்டை வச்சு, இஸ்திரிப்பெட்டியால மறுபடி ஒட்டிடலாம். 1986 ஃப்ளீருக்கு இது நடந்த அளவுக்கு வேற எதுக்கும் நடந்திருக்காதுன்னு பழைய ஆட்கள் சொல்றாங்க.

ஆனா தையல் போட்ட இடம் தழும்பு காட்டுமே. முதல் தடவை ஒட்டினப்போ விழுந்த கோடும், ரெண்டாம் தடவை ஒட்டின கோடும் ஒன்னா உட்காராது. மெழுகு ஒரு இடத்துல திட்டாப் பளபளக்கும், ஒரு இடத்துல வறண்டு கிடக்கும். காகிதம் பிரிஞ்ச இடத்துல நார் எழும்பியிருக்கும். பழைய மடிப்பு ஒரு பக்கம், புது மடிப்பு ஒரு மயிரிழை தள்ளி. அப்புறம் பபிள் கம். முப்பது நாப்பது வருஷத்துல அது சுண்ணாம்புக்கட்டி ஆயிடும். பாக்கெட்டைப் பிரிச்சு மூடற கை எவ்வளவு பக்குவமானாலும் அது நொறுங்க வாய்ப்பு ஜாஸ்தி. ஒரு பெட்டியில எல்லாப் பாக்கெட்லயும் கம் தூளா இருந்தா யோசிக்கணும்.

(சின்ன இடைச்செருகல். அந்தக் கம்மை வாயில போட்டுப் பார்க்கற வீடியோ எல்லாம் வருது. தயவுசெய்து வேண்டாம்.)

சரி, பெட்டிக்கு வரேன். மறுநாள் காலையில மழை விட்டிருந்தது. ஒண்டிக்கடையில வழக்கமான டீக்கடை பெஞ்சுல, வெளிச்சம் நல்லா விழற பக்கமா ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். மெடிக்கல் காலேஜ்ல முதல் நாள் சொல்லிக்கொடுத்த வரிசையிலயே போனேன். கதை கேள், பார், தொடு, தட்டு.

கதை. வித்தவர் சொன்னது இது: மாமா அமெரிக்காவுல இருந்தார், 1986-ல கடையில வாங்கினார், ரெண்டு வருஷத்துல ஊர் திரும்பினார், அன்னியிலிருந்து மங்களூர் வீட்டுப் பரண்ல இருந்தது. நல்ல கதைதான். நம்பும்படியாவும் இருக்கு.

அடுத்தது பார்வை. பெட்டி வெள்ளை வெளேர்னு இருந்தது. மூலை நாலும் கூர். ஒரு பழுப்புப் புள்ளி இல்ல. ஓரத்துல பூச்சி அரிச்ச தடம் இல்ல.

எனக்கு அங்கதான் நெருடுச்சு. மலையில இருக்கிறவங்களுக்கு ஈரம்னா என்னன்னு தெரியும். ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர். மழைக்காலத்துல சுவரே வேர்க்கும். என் மைக்ராஸ்கோப் லென்ஸ்ல பூஞ்சை படர்ந்து ரெண்டு தடவை மாத்தியிருக்கேன். அலமாரியில வச்ச பழைய மெடிக்கல் புத்தகம் எல்லாம் அட்டை வளைஞ்சு, உள்ள செம்புள்ளி விழுந்து கிடக்கு. காகிதம் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், உப்பும், காஞ்சா சுருங்கும், மறுபடி உப்பும். காகித ஆவணங்களைக் காக்கிறவங்க ஈரப்பதம் 35-ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள இருக்கணும்பாங்க. மங்களூர் பரண்ல, அரபிக்கடல் ஓரத்துல, முப்பத்தஞ்சு தென்மேற்குப் பருவமழை பார்த்த அட்டைப்பெட்டி இப்படி இருக்குமா? எண்பது வயசுப் பெரியவர் பேர்ல இருபது வயசு எலும்போட ஒரு எக்ஸ்ரே வந்தா, அவர் ஆரோக்கியமா இருக்கார்னு நாங்க சந்தோஷப்பட மாட்டோம். ஃபிலிம் மாறிடுச்சுன்னுதான் நினைப்போம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல உதாரணம் இருக்கு. கனடாவுல ரெஜைனா ஊர்ல ஒரு வீட்டுல 1979-80 ஓ-பீ-சீ ஹாக்கி கார்டு ஒரு முழு கேஸ், பிரிக்காம, கிடைச்சது. 16 பெட்டி, பெட்டிக்கு 48 பாக்கெட், மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல கார்டு. வெய்ன் கிரெட்ஸ்கியோட முதல் கார்டு அந்த வரிசையிலதான் இருக்கு. 2024 பிப்ரவரியில 37.2 லட்சம் டாலருக்குப் போச்சு. அந்த ஊர் வறண்ட, குளிர் சமவெளி. அங்க நாப்பது வருஷம் ஒரு பெட்டி நல்லா இருந்ததுன்னா நம்பலாம். அட்டைக்கு அது குளிர்சாதன வார்டு.

மோந்து பார்த்தேன். (ஆஸ்துமா இருக்கிறவங்க பழைய பெட்டியை மூக்குல வச்சு இழுக்காதீங்க. பூஞ்சை வித்து நேரா உள்ள போகும். ஒரு கை தள்ளி வச்சுக் காத்தை விசிறிப் பாருங்க.) பழைய காகித வாசனை லேசா. அதுக்கு மேல புது பிளாஸ்டிக் வாசனை.

இப்ப அந்த பிளாஸ்டிக். பி.டி. சாருக்கு அதுதான் பெரிய நம்பிக்கை. "கம்பெனி சீல் உடையல பாருங்க டாக்டர்." அந்த ஒரு வாரத்துல நான் படிச்சதுலயே முக்கியமானது இதுதான்: அந்தக் காலத்து மெழுகுப் பாக்கெட் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் கம்பெனி பிளாஸ்டிக் சீலே கிடையாது. 1986 ஃப்ளீர் பெட்டியும் அப்படித்தான். கடைக்காரர் மூடியைத் தூக்கி நிறுத்தி, மேஜையில வச்சு, ஒவ்வொரு பாக்கெட்டா விக்கிறதுக்கான பெட்டி அது. பெட்டிக்கடையில மிட்டாய் டப்பா இருக்கும்ல, அது மாதிரி. சீல் எதுக்கு?

அப்ப இன்னிக்கு ஏலத்துல வர்ற பெட்டிகள்ல பிளாஸ்டிக் இருக்கேன்னா, அது பின்னாடி சுத்தினது. அமெரிக்காவுல பேஸ்பால் கார்ட் எக்ஸ்சேஞ்ச்னு ஒரு நிறுவனம் இருக்கு. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்த்து, சரியா இருந்தா தன் பேர் போட்ட பிளாஸ்டிக்கைச் சுத்தி ஸ்டிக்கர் ஒட்டித் தரும். ரெஜைனா கேஸையும் அவங்கதான் பார்த்தாங்க. பி.டி. சார் பெட்டி மேல எந்தப் பேரும் இல்ல. வெறும் பிளாஸ்டிக். அதாவது யாரோ, எப்பவோ, எதுக்கோ சுத்தியிருக்காங்க. ஒரு ஹேர் ட்ரையர் இருந்தா வீட்டுலயே முடியற வேலை.

அந்த நிறுவனம் பார்த்துட்டா மட்டும் நூறு சதவீதமான்னு கேப்பீங்க. யூடியூப்ல பிரபலமான லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து போக்கிமான் முதல் பதிப்பு கேஸ் ஒன்னு வாங்கினார். அவங்களே சரிபார்த்ததா சொல்லப்பட்ட கேஸ். சந்தேகம் கிளம்பி, 2022 ஜனவரியில சிகாகோவுல அவங்க முன்னாடியே பிரிச்சாங்க. உள்ள ஆறு பெட்டி. பெட்டிக்குள்ள ஜி.ஐ. ஜோ கார்டு. வெளி அட்டையை மட்டும் நம்பினதோட விலை. எங்க ஆட்களும் லேப் ரிப்போர்ட்ல பேர் பார்க்காமக் கையெழுத்துப் போட்டிருக்காங்க, அதனால நான் சிரிக்கல.

தொட்டும் பார்த்தோம். பிளாஸ்டிக் இறுக்கத்துல மூடி நடுவுல லேசா உள்வாங்கி இருந்தது. பழைய பெட்டிகள்ல இறுக்கமான பிளாஸ்டிக் நாளாக ஆக மூலையை நசுக்கிடும். இங்க மூலை நசுங்கவே இல்ல. சுத்தி ரொம்ப நாள் ஆகலைன்னு அர்த்தம். அப்புறம் தட்டினேன். அவென்ப்ருகர் என்னை மன்னிக்கணும், எனக்கு ஒன்னும் புரியல. டீ மாஸ்டர்தான், "என்ன சார், பழுத்துடுச்சா?"ன்னார்.

குழந்தைகளை நிறுக்கிற தராசுல வச்சுப் பார்க்கலாமான்னு பி.டி. சார் கேட்டார். வேண்டாம்னுட்டேன். நிஜமான பெட்டி எவ்வளவு எடைன்னு என்கிட்ட கணக்கு இல்ல. நார்மல் எவ்வளவுன்னு தெரியாம ஒரு டெஸ்ட் எடுத்தா, வர்ற நம்பர் நம்மை ஏமாத்தத்தான் உதவும்.

அல்ட்ரா வயலட் விளக்கு கூட என்கிட்ட இருக்கு, தோல் படை பார்க்கிற வுட்ஸ் விளக்கு. இருட்டுல அடிச்சா காகிதத்துல சேர்த்த வெளுப்புச் சாயம் நீலமா மின்னும். அந்தச் சாயம் பரவலா வந்தது 1950 வாக்குல. அதனால யாராவது உங்ககிட்ட 1910-ம் வருஷத்து சிசர்ஸ் சிகரெட் அட்டைன்னு நீட்டினா, இந்த விளக்கை அடிச்சுப் பாருங்க. பளீர்னு மின்னினா கையைக் கூப்பிட்டு வந்துடுங்க. 1986 பெட்டிக்கு இது எதுவும் சொல்லாது. நிஜமும் மின்னலாம், போலியும் மின்னலாம்.

கடைசியா விலை. இதைத்தான் முதல்லயே பார்த்திருக்கணும். ஒரு பாக்கெட்டே ஆயிரக்கணக்கான டாலர்னா, 36 பாக்கெட் 4 லட்சம் ரூபாய்க்கு ஏன் வருது? வித்தவருக்கு மதிப்பு தெரியலைன்னு பி.டி. சார் நினைச்சார். தெரியாதவர்தான் பிளாஸ்டிக்ல கை வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் போடுவாரா? காலிப் பெட்டி தனியா வியாபாரம் ஆகுதுங்கறதையும் அப்பதான் சொன்னேன். நிஜமான 1986 பெட்டி, உள்ள 1990 வாக்குல மலை மலையா அச்சடிச்சுத் தள்ளின, இன்னிக்கும் விலை போகாத பாக்கெட். அட்டை நிஜம், அச்சு நிஜம், வருஷம் நிஜம். வெளியில என்ன சோதிச்சாலும் பாஸ்.

அவர் முகம் வாடிப்போச்சு. டீ ஆறிப்போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "நீங்க சொல்றது எல்லாம் சந்தேகம்தானே டாக்டர்? நிச்சயம் இல்லையே"ன்னார். உண்மைதான். மங்களூர் பரண் கதை மட்டும் பொய்யா இருந்து, பெட்டி அமெரிக்காவுல ஏதோ வறண்ட அறையில இருந்து வந்திருக்கலாம். விக்கிறவரே ஏமாந்தவரா இருக்கலாம். சந்தேகத்தை வச்சு அறுவை சிகிச்சை பண்ண முடியாது. ஆனா ஒரு கேள்வி கேட்கலாம்.

போன் போடச் சொன்னேன். "பிளாஸ்டிக் கம்பெனி போட்டது இல்ல, அதனால அதை எடுத்தா மதிப்பு குறையாது. நீங்களும் வீடியோ காலில் இருங்க. பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்து மூடியைத் தூக்கறோம். பாக்கெட் எதையும் பிரிக்க மாட்டோம். பின்பக்க ஒட்டு மட்டும் பார்ப்போம். சரியா இருந்தா இன்னிக்கே முழுப் பணம்." நிஜமான பெட்டி வச்சிருக்கிறவருக்கு இதுல ஒரு பைசா நஷ்டம் இல்ல.

பதில் வர அரை நிமிஷம் ஆச்சு. பிளாஸ்டிக்கைத் தொட்டா வாங்கினதா அர்த்தம்னார். ஏன்னு கேட்டதுக்கு, "ரூல்ஸ் சார்".

பி.டி. சார் மறுநாள் காலை முதல் பஸ்ல பெட்டியோட கிளம்பினார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம், அங்கிருந்து பெங்களூர். முன்பணத்துல 40,000 திரும்பி வந்தது. பத்தாயிரத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கும் ஏதோ ரூல்ஸ்.

ஊர் திரும்பினதும் கிளினிக் வந்தார். பிரஷர் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் ஏறியிருந்தது. பையில இருந்து ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸ் எடுத்து மேஜையில வச்சார். உள்ள ரப்பர் பேண்ட் போட்டு, தொண்ணூறுகள்ல பிக் ஃபன் பபிள் கம்மோட வந்த கிரிக்கெட் கார்டுகள். ரன்னும் விக்கெட்டும் போட்டிருக்குமே, சேர்த்துக் கொடுத்தா பரிசு தருவாங்களே, அதேதான். ஹாஸ்டல் பசங்ககிட்ட கிளாஸ்ல பிடுங்கி வச்சது, திருப்பிக் கொடுக்க மறந்தே போச்சாம். எல்லாம் ஈரத்துல வளைஞ்சு, ஒன்னோட ஒன்னு ஒட்டி, ஓரம் முழுக்கப் பழுப்பு. ஏற்காட்டுல முப்பது வருஷம் இருந்த அட்டை வேற எப்படி இருக்கும்.

பிரஷர் மாத்திரை எழுதிக்கிட்டிருக்கும்போது கேட்டார்.

"ஒருவேளை உள்ள ஜோர்டான் இருந்திருந்தா, டாக்டர்?"